தராசில் வைக்காத பெட்டிகள்

10 நவம்பர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்தெல்லாம் ஈரம். நிறுவைக் கொட்டகையில் சாக்குக்குச் சாக்கு தண்ணீர் எடை கழித்தேன். கொழுந்து பறிக்கும் நேபாளப் பையன்கள் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

பைக்குள் போன் நான்கு முறை அதிர்ந்தது. நான்கும் என் ஆன்லைன் கடைக்கு வந்த ஆர்டர். நான் காய்ச்சிய ஸ்ட்ராபெரி ஜாம் இரண்டு போத்தல், தேயிலை ஒரு பாக்கெட், பெட்டி 38 வெள்ளி, தபால் இலவசம்.

வாங்க: மூடி, டேப், அம்மாவுக்கு முட்டித் தைலம்.
வெள்ளிக்கிழமைக்குள்: ரிங்லெட் டவுன் கடைவீட்டு மாடிக்கு முன்பணம்.

மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்று எஸ்டேட் துரையிடம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. எஸ்டேட் வேலை போனால் குவாட்டர்ஸும் போகும், அதனால்தான் அந்த மாடி. குடியிருப்பும் கடையும் அங்கேயே. பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

11 செவ்வாய்

மூடுபனி. மூன்று நாள் துணி காயவில்லை.

ஈப்போவிலிருந்து ஒரு அம்மாள் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். கேட்காமலே குட்டித் தேயிலை பாக்கெட் வைத்திருந்தேனாம், நல்ல மனசாம். மனசு என்ன மனசு, பழக்கம். அம்மா ரிங்லெட் பசாரில் காய்கறி விற்கிறார். கறிவேப்பிலையும் நாலு பச்சைமிளகாயும் கொசுறு போடாமல் ஒரு பையையும் கட்டிக் கொடுத்ததில்லை. எனக்கும் அந்தக் கை. பெட்டியை மூடுமுன் ஏதாவது போட்டால்தான் நிம்மதி.

போனில், ஆன்லைன் கடைப் பக்கத்தில் மொத்த விற்பனை பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே போகிறது. அடுப்பில் ஜாம் இருக்கும்போதுகூட எடுத்துப் பார்க்கிறேன். வங்கிக் கணக்குதான் அசையவே இல்லை. போத்தல் வாங்கினோமே, அதுவாக இருக்கும்.

12 புதன்

என் கணவர் சுகுவுக்கு கோலா தெர்லாவில் முட்டைக்கோசு லோடு. இல்லாவிட்டால் பெட்டிகளை லோரியில் போட்டுக்கொண்டு அவர்தான் தபாலுக்குப் போவார். பெட்டிக்கு எட்டு வெள்ளி என்று எண்ணிக் கொடுத்துவிடுவேன். இன்று நானே போனேன்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். பெட்டிக்குப் பதினொன்று என்றாள். தப்பு, எட்டுதான் என்றேன்.

"ஒரு கிலோ தாண்டிருச்சு அக்கா. எப்பவும் இவ்ளோதான் வரும். அண்ணன் சொல்லலையா?"

அங்கேயே ஒரு பெட்டியைப் பிரித்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. குட்டிப் பாக்கெட்டை எடுத்துவிட்டு மறுபடி நிறுக்கச் சொன்னேன். எட்டு.

நான் நிறுவை கிராணி, எடைக் கணக்கு எழுதுபவள். ஊரார் கொழுந்தில் தண்ணீரைக் கழிப்பவள். என் பெட்டியை ஒரு நாளாவது தராசில் வைத்தேனா?

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தது:
ஜாம், தேயிலை, போத்தல் 20
பெட்டி, சுற்றும் தாள், டேப் 3
கடைப் பக்கத்தின் கமிஷன் 4
தபால் 11
கொசுறு 2
ஆக 40. விற்பது 38க்கு.

அடுப்படியில் நிற்கும் என் கூலி இதில் இல்லை. பொருளையும் தபாலையும் மட்டும் கழித்து, பெட்டிக்குப் பத்து வெள்ளி மிச்சம் என்று இத்தனை மாதமாக மனக்கோட்டை. விற்க விற்க நஷ்டம். ஆர்டர் கூடியதற்காகப் போன வாரம் தேங்காய் வேறு உடைத்தேன்.

சுகு வந்ததும் கேட்டேன். மேலே போன மூன்று வெள்ளியை ஒவ்வொரு பெட்டிக்கும் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ இப்டி சிரிச்சு எவ்ளோ நாளாச்சு ஈஸு. அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன் லா."

முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு லோரியைத் துடைக்கப் போய்விட்டார்.

13 வியாழன்

சரியான தூக்கமில்லை. இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சாக்கைத் தப்பாக எழுதி அடித்தேன்.

கொசுறை நிறுத்தினால் மிச்சம் மூன்று. விலையையும் 42 ஆக்கினால் ஆறு சொச்சம். இரண்டையும் செய்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, வெறும் பெட்டியையா அனுப்புவாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அம்மாவின் கறிவேப்பிலைக்குத் தபால் செலவு கிடையாது. இதை அவருக்கு விளக்கப் பொறுமை இல்லை.

மாலைவரை ஆர்டர் ஒன்றும் இல்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். இருட்டும் நேரத்தில் ஒன்று வந்தது.

ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் மாடி வாடகைக்கே காணாது. சாப்பாடு? மாடிக்குச் சொந்தக்காரரான சீனர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

14 வெள்ளி

மழை விட்டது. வெயில்கூட.

காலையில் துரையைப் பார்க்கப் போனேன். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், பினாங்குக்காரர். இந்தப் பெயர் மட்டும் மேனேஜர் நாற்காலியோடு வருகிறது. வேலையில் தொடர்கிறேன் என்று சொல்ல வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தேன். பாதிகூடச் சொல்லவில்லை. கணினியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஆளே தேடலியே ஈஸ்வரி. நீங்க எங்க போயிடப் போறீங்க? சும்மா வாயால சொன்னதுதான லா."

நன்றி சொன்னேன். சொல்லித் தொலைத்தேன்.

குவாட்டர்ஸ் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அப்பாடா என்று இருக்க வேண்டும். உடம்பெல்லாம் எரிகிறது. நான் போவேன் என்று அந்த மனுஷர் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

சீனரிடம் மாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையை மூடவில்லை. மதியம் 42க்கு இரண்டு ஆர்டர். இரண்டு பெட்டியையும் கொழுந்துத் தராசிலேயே வைத்துப் பார்த்தேன், எல்லோர் முன்னாலும்.

அடுத்த தடவை ராஜினாமாவை எழுதியே கொடுப்பேன். தேடட்டும் ஆளை.