யாரோ போட்ட குரல் பதிவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். நான் திக்கிப் பேசுவதை யாரோ பதிவு செய்து, தெரியாத எண்ணிலிருந்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

விடுதி மாடிப்படியில் என்னைப் போலத் திக்கிக் காட்டும் சீனியரைச் சமாளித்துவிடுவேன். அறைக்கு வந்தால் அது முடிந்தது. இந்தப் பதிவோ படுக்கை வரை வருகிறது. நீதான் போட்டாயா என்று அந்தச் சீனியரிடமே கேட்டேன். "நான் மூஞ்சிக்கு நேராத்தான்டா கிண்டல் பண்ணுவேன்," என்றான்.

நம்புகிறேன். பதிவில் இருப்பது, அறையில் நான் உங்களோடு போனில் பேசியது. அப்போது அறைத்தோழன் மட்டுமே பக்கத்தில் இருந்தான்.

இன்று வார்டனிடம் போகிறேன். திக்கினாலும் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பெட்டிக்கு ஒரு பூட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வெளியிலிருந்து கூப்பிடுகிறேன். வார்த்தை வரத் தாமதமானால் போனை வைத்துவிடாதீர்கள் அப்பா.

அவசரத்தில்,
உங்கள் மகன்