இரண்டு தடவை தட்டிய பெயர்

12 நவ., செவ்வாய்
காலையிலிருந்து தூறல். குடை மறந்தாயிற்று. மாப்பிள்ளை செந்திலின் பழைய போன் கைக்கு வந்தது. திரை பாதி செத்துவிட்டது. உள்ளே இருப்பதை என் கம்ப்யூட்டருக்கு நகர்த்த வேண்டும். படங்கள், வீடியோ, முக்கியமாக என் தங்கை வள்ளியின் குரல். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மகளுக்காகப் பேசியது. ஆறு நிமிடம். நான்தான் போனைப் பிடித்திருந்தேன்.
"பாப்பா பெரியவளானதும் கேக்கட்டும் மச்சான். நான் இன்னும் கேக்கல. தெம்பில்ல," என்றார் செந்தில்.

13 நவ., புதன்
கோப்புகளை நகர்த்த, ஆபீசுக்காக நானே எழுதிய கமாண்ட். தட்டிய பெயர்களில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் அழித்துவிடும்.
வள்ளியின் குரல் முதலில் போய்ச் சேரட்டும் என்று அந்தப் பெயரை முன்னால் தட்டினேன். பிறகு 'எல்லாம்' என்பதற்கு நட்சத்திரக் குறி. அந்த எல்லாவற்றிலும் அதே பெயர் மறுபடி வரும். தோன்றவே இல்லை.
முதல் தடவை ஒழுங்காகப் போனது. இரண்டாம் தடவை, போய்ச் சேர்ந்ததை வெறுமையாக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் மூலத்தைத் தேடியிருக்கிறது. மூலம் ஏது? முதல் தடவையே போனிலிருந்து அழித்தாயிற்றே.
படங்கள் பத்திரம். குரல், 0 பைட். பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே காலி.

14 நவ., வியாழன்
லீவு. மீட்கும் புரோகிராம்கள் மூன்று. ஒன்றும் இல்லை. காளவாசலில் ஒரு சர்வீஸ் கடை.
"இந்த மாடல்ல அழிஞ்சா அழிஞ்சதுதேன் அண்ணே. கம்ப்யூட்டர்லயும் அதுக்கு மேல படம் ஏறிருச்சு. சும்மா ஆசை காட்ட மாட்டேன்." கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.
மற்றவர்கள் எழுதிய கமாண்டுகள் இதை எச்சரித்துவிட்டுத் தாண்டிப் போகும். 'ஒரே பேர ரெண்டு தடவ எவன் குடுப்பான்?' என்று ஆபீசில் சிரித்தவன் நான்.

15 நவ., வெள்ளி
நாகமலை புதுக்கோட்டை, செந்தில் வீடு. பாப்பா தூக்கம். சொல்லிவிட்டேன்.
"படமெல்லாம் இருக்குல்ல?"
"இருக்கு மாப்ள. அவ பேசுனது மட்டுந்தான்..."
காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம்.
"ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கணும் மச்சான்."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

17 நவ., ஞாயிறு
வெயில். கமாண்டைத் திருத்தினேன். ஒரே பெயர் மறுபடி வந்தால் இனி எச்சரிக்கும், தொடாது. பதினோரு வரி. அவ்வளவுதான் வேலை.
மதியம் செந்தில் போன். "அவ பேசுறப்ப நீங்க கூட இருந்தீங்கள்ல? ஞாபகம் இருக்க அம்புட்டையும் எழுதிக் குடுங்க மச்சான். பாப்பாவுக்கு."
எழுத உட்கார்ந்தேன்.
தலைக்கு எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் போகாதே என்றாள். அப்பாவைத் தனியாகச் சாப்பிட விடாதே என்றாள். கணக்கு வரவில்லையென்றால் மாமாவிடம் போ என்றாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். எதற்கென்று நினைவில்லை.