தாவிய ராஜா

திருவனந்தபுரம்,
ஆவணி 9

சௌபாக்கியவதி தங்கை மங்கலத்துக்குக் குற்றாலலிங்கம் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தணிந்ததா? அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

சென்னைச் சதுரங்கப் பந்தயத்துக்கு நான் போகவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை. யார் போவது என்று தீர்மானிக்க, சனிக்கிழமை இங்குள்ள சதுரங்கச் சங்கத்தில் எனக்கும் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டுக்கும் ஆட்டம். மத்தியஸ்தன், என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் பகவதிப்பெருமாள். லண்டன் பத்திரிகையை வரவழைத்து, இரண்டு வருஷம் என்னோடு உட்கார்ந்து ஐரோப்பிய விதிகளைப் படித்தவன். அந்த விதிகளில்தான் ஆட்டம் என்று பேச்சு.

என் அடுத்த நகர்த்தலில் சூப்பிரண்டின் ராஜா விழவேண்டும். அவரோ ராஜாவைக் குதிரைபோல் தாவவைத்துத் தப்பினார்! நாட்டு முறையில் ஒரு தடவை அப்படித் தாவலாம். ஐரோப்பிய முறையில் கிடையாது. நான் பெருமாளைப் பார்த்தேன்.

"சாடட்டும் வேய், நம்ம ஊர்க் களிதானே" என்றான், தாவினால் என்ன, நாட்டு ஆட்டம்தானே என்கிற மாதிரி.

"இங்கிலீஷ் முறைன்னுதானே பேசினோம்?"

"எழுதி வச்சிருக்கா?"

இருபது வருஷக் குமாஸ்தா நான். எழுதி வாங்காமல் விட்டேன், ஆட்டமும் போயிற்று. அவனுடைய பதவி உயர்வு சூப்பிரண்டின் கையில் இருப்பது எனக்குத் தெரியாததா? இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

ஆனால் இங்கே ஆட எனக்கு வேறு ஆளில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பும்போது, பரணில் கிடக்கும் உன் சதுரங்கக் காய்களையும் இறக்கி வைத்துக்கொள். நீ ராஜாவைத் தாவவைத்தபோதெல்லாம் பட்டிக்காட்டு ஆட்டம் என்று கேலி செய்தேன், மனதில் வைக்காதே. இனி நாம் தபாலிலேயே ஆடுவோம்; பதிலில் உன் முதல் நகர்த்தலையும் எழுது.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. உன் ராஜா ஒரு தடவை தாவலாம். இதோ, எழுதித் தந்துவிட்டேன்.

குற்றாலலிங்கம்