ஓடு எண் 214: நான் கேட்டும் சொல்லாத ஒலி

அனுப்புநர்:
ஓ. ஸ்பூர்த்தி,
தர ஆய்வு உதவியாளர், வெப்பக்காப்புப் பிரிவு.

பெறுநர்:
திட்ட இயக்குநர் அவர்கள்,
மறுபயன்பாட்டு விண்ணூர்தித் திட்டம்,
ஓடுபாதை வளாகம், சித்ரதுர்கா மாவட்டம்.

பொருள்: ஓடு ஒட்டும் பணியாளர் திருமதி போரக்காவின் பணிநீக்கத்தை ரத்து செய்யவும், எனது ஆய்வுப் பதிவைத் திருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விண்ணூர்தியின் அடிப்புறத்தில் ஒட்டிய வெப்பக்காப்பு ஓடுகளை நாணயத்தால் தட்டிக் கேட்பது என் வேலை. நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி கெட்டியாக வரும்; அடியில் காற்று இருந்தால் பொக்கையாக வரும்.

2. செப்டம்பர் 3 அன்று போரக்கா என்னிடம், "தாயி, 214ஐ மட்டும் நல்லாக் கேளு. பசை காயறவரை ஓட்டை அழுத்துற பம்பு நடுவுல நின்னுபோச்சு. சத்தம் சரியில்லேன்னா சொல்லிடு, பிச்சுட்டு மறுபடி ஒட்டறேன். எனக்கென்ன வெட்கம்?" என்றார். தட்டினேன். பொக்கையாகவே கேட்டது. சுற்றிலும் ஐந்து அதிகாரிகள் காத்து நின்றார்கள். மேற்பார்வையாளர், "என்னம்மா, உன்னைப் பொண்ணு பாக்க வந்த மாதிரி தலை குனிஞ்சு நிக்கிற? சரியா, இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையசைத்தேன். 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

3. கடலில் விழும் வேறு ராக்கெட்டாக இருந்தால் என் தவறும் கடலோடு போயிருக்கும். இது திரும்பி வருவதற்கென்றே செய்த ஊர்தி. 12ஆம் தேதி காலை அது பறந்து திரும்பி ஓடுபாதையில் வந்து நின்றபோது, 214 இருந்த இடத்தில் கருகிய குழி. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலும் பொக்கையாகவே கேட்டது.

4. ஆய்வில் தேறிய ஓடு, பிறகு போரக்காவின் கவனக்குறைவால் தளர்ந்தது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. பம்பு நின்றதை அவர் முன்பே சொன்னதற்குச் சாட்சி இல்லை என்கிறது அறிக்கை. அந்தச் சாட்சி நான். விசாரணை அறையில் கடைசி நாற்காலியில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் எழவில்லை. வெளியே வந்த போரக்கா, "சாப்டியா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

5. அன்று முதல் என் விரல் பேருந்துக் கம்பியை, கதவை, சாப்பாட்டுத் தட்டைத் தானாகத் தட்டுகிறது. "உள்ள யாரைடி கூப்பிடற?" என்கிறார் அம்மா. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடும் வேலைக்கு வந்த முதல் ஆள் நான்.

6. 214ஐ ஒட்டிய நாளின் பம்புப் பதிவேட்டைப் பார்த்தால் போரக்கா சொன்னது உண்மை என்று தெரியும். அதே பம்பில் அழுத்திய 213, 215 இரண்டும் ஊர்தியில் அப்படியே உள்ளன. அடுத்த பறப்புக்கு முன் அவற்றைத் தட்டிப் பார்க்க உத்தரவிடுங்கள். போரக்காவை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மீது எடுக்கும் நடவடிக்கையை ஏற்கிறேன். ஆய்வுப் பதிவேட்டில் உள்ள 'சரி'யை அடித்து, 'பொக்கை, கேட்டேன், சொல்லவில்லை' என்று என் கையாலேயே எழுத அனுமதி தாருங்கள்.

இடம்: ஓடுபாதை வளாகம்
நாள்: 29 செப்டம்பர்

இங்ஙனம்,
ஓ. ஸ்பூர்த்தி