வளையல் சத்தம்

அன்புள்ள அக்கா,

நீ வளர்த்த கெண்டைமீனைக் கொன்று, மூளைக்கடியில் இருந்த சுரப்பியை அரைத்து, அப்பா வேறொரு பெண்மீனுக்கு ஊசி போட்டார் என்றுதானே கோபித்துக்கொண்டு போனாய்? அந்த ஊசியில் பெண்மீனின் முட்டைகள் முதிர்ந்துவிட்டன.

நீ போன மறுநாள், உன் கெண்டையை நீ கூப்பிடுவதுபோலவே, நீ விட்டுப்போன வளையலால் தொட்டி விளிம்பைத் தட்டினேன். அந்தப் பெண்மீன் உன் கெண்டை வரும் மூலைக்கே வந்து வாயைத் திறந்தது.

"பசிடி, வேறென்ன?" என்றார் அப்பா.

சுரப்பிநீர் முட்டையை முதிரவைக்கும், நினைவைக் கொண்டுபோகாது என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.

இன்று குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. தட்டினேன். கண் மட்டும் தெரிகிற அத்தனை குஞ்சுகளும் அதே மூலையில் குவிந்தன. அப்பா சிரிக்கவில்லை. "அக்காவை வரச்சொல்லி எழுதும்மா" என்றார்.

வளையலைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். ஆனாலும் தொட்டியில் வளையல் தட்டும் சத்தம் நிற்கவில்லை. வந்துவிடு.

உன் தங்கை