இருபத்து மூன்று பெருவிரல்கள்

திண்டுக்கல்,
22-6-1958.

அன்பு மகள் ஆரிபாவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் பினாங்கில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, நொச்சி இலையை வதக்கிக் கட்டுகிறாள். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. உன் மாமா மகன் அப்துல் வாஹிதுக்கு பக்ரீத் கழித்து நிக்காஹ் வைத்திருக்கிறார்கள், பெண் நிலக்கோட்டை. இந்த வருஷம் சிறுமலை வாழைப்பழம் கண்ணில் படவே இல்லை. மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு விஷயத்துக்கு வருவதற்கு முன் நாலு வரி சுற்றி வளைப்பது கைப்பழக்கம், அதைத்தான் இப்போதும் செய்துகொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாளைக்கு எழுதிய கடிதத்தில் நம் சந்துக்குக் குழாய் வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய். குழாய் வரவில்லை. வராமல் போனதற்குக் காரணமும் உன் அத்தாதான்.

நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறும்வரை பக்கத்து வீட்டு வியாகுலம்மாளோடு ரயில்வே கேட்டைத் தாண்டித் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தவள்தானே, அந்தப் பாட்டை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தோல்ஷாப்பில் தோல் அலசிவிட்டு வந்து அந்த மனுஷி மூன்று நடை தண்ணீர் எடுப்பாள். அவள்தான் இந்த மாசி மாதம் சந்துப் பெண்களை எல்லாம் கூட்டி, ஆம்பளைங்க கேட்டுக் கிழிச்சது போதும், நாமளே வெறுங்குடத்தோட முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போவோம் என்று சொன்னாள். மனு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. தாலுகா கச்சேரி வாசல் புங்கமரத்தடியில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், ஊராருக்கெல்லாம் எழுதிய கை, சொந்தச் சந்துக்கு எழுதுவதென்றால் கேட்க வேண்டுமா? ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்றும் கருணை கூர்ந்து என்றும் பன்னீர் தெளித்ததுபோல் எழுதினேன். நாற்பத்தொரு பெண்கள் பேர். சந்து முனையில் கூடிய அன்றே பதினெட்டுப் பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டார்கள், முதல் கைநாட்டு வியாகுலம்மாளுடையது. மிச்சம் இருபத்து மூன்று பேர். நாளைக்கு வீடு வீடாப் போயி வாங்கிருங்கண்ணே, திங்கக்கிழமை கொடுத்துருவோம் என்று தாளை என்னிடம் ஒப்படைத்தாள்.

மறுநாள் மாரியம்மன் கோயில் பூச்சொரிதல். பாதிச் சந்து பூத்தட்டோடு போய்விட்டது, மீதிப் பாதி வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. நான் நாலு கதவைத் தட்டினேன், நாலும் பூட்டிக் கிடந்தன. சாயங்காலம் போயிருந்தால் எல்லோரும் கிடைத்திருப்பார்கள். இரண்டாம் முறை நடக்கச் சோம்பல். வீட்டுக்கு வந்து மைப்பெட்டியைத் திறந்து என் இடது பெருவிரலையே இருபத்து மூன்று பேருக்கும் நேராக வைத்துவிட்டேன். உன்னிடம் ஒளிக்க மாட்டேன் ஆரிபா, இது முதல் தடவை அல்ல. அவசரத்துக்கு ஒன்றிரண்டு ரேகை மனு எழுதுகிறவன் விரலே வைப்பது எங்கள் மரத்தடியில் நடக்கிறதுதான். படித்தவன் கையெழுத்து என்றால் பயபக்தியோடு காத்திருப்போம், கைநாட்டு என்றால் எல்லாம் ஒரே மைதானே, அதற்கு முகமா இருக்கிறது என்று நினைப்போம். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

என் விரலுக்கு முகம் இருந்தது. ஒரு பொங்கலுக்கு உனக்குக் கரும்பு சீவிக் கொடுத்தபோது கத்தி பாய்ந்து ஆறின குறுக்குத் தழும்பு, நீகூடச் சின்ன வயதில் தடவிப் பார்ப்பாயே, அதுதான். திங்கட்கிழமை ஏறக்குறைய நாற்பது பெண்கள் வெறுங்குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைவீதி வழியாகப் போனார்கள். கடைக்காரர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, மனு எழுதியவன் என்கிற மிதப்பில் பின்னால் நடந்தேன். மற்ற பெண்கள் வாசலில் நிற்க, ஆபீசுக்குள் குமாஸ்தா தாளை வாங்கிப் பார்த்தவர் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் வேலையை அவர் செய்தார். ஏம்மா, உங்க சந்துல இருபத்து மூணு பொம்பளைக்கும் ஒரே விரலுல ஒரே எடத்துல கத்தி வெட்டிருக்கா என்று கேட்டார். கூடமே சிரித்தது. வியாகுலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் எங்க பொம்பளைங்க வச்சதுதான் சாமி, மாதா சத்தியமா என்று கையை உயர்த்திச் சொன்னாள். அவர் சிவப்பு மையில் ரேகைகள் போலி என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இடது கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. முதல் நாள் ராத்திரி தாளை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்து சுமந்து போனவள் வியாகுலம்மாள் என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது. எங்க விரலை யாரும் கேக்கவே இல்லையே, பேரெடுக்கணும்னு அவளா உருட்டி வச்சுட்டா என்று அந்த இருபத்து மூன்று பேரும் பேசினார்கள். பூக்கட்டும் ஒச்சம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். வியாகுலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அண்ணன் வீடு வீடாப் போயி வாங்குனாரு, அவளுக வீட்டுல இல்லாத நேரம் எவளோ வெளையாடிருக்கா என்றுதான் கடைசிவரை நினைத்தாள். இந்தக் கோடையில் போட்ட குழாய் பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது. ரயில்வே கேட்டுச் சரிவில் ஒச்சம்மாள் இரண்டு குடத்தோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு பிசகி, ஒரு மாதமாகப் பூக்கட்ட முடியாமல் கிடக்கிறாள். இதையெல்லாம்விட என்னை அறுத்தது இன்னொன்று. மாதா பேரில் செய்த சத்தியம் பொய்யாகப் போனதால் வியாகுலம்மாள் மாதா கோயில் பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். எல்லோரும் வரிசையில் போகும்போது இவள் மட்டும் கடைசித் தூணோரம் முழந்தாளிட்டபடியே இருப்பாளாம். உன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். செய்யாத பாவத்துக்கு அவள் தண்டனை அனுபவிக்கிறாள், செய்தவன் முப்பது நோன்பும் பிடித்துவிட்டுப் புதுச்சட்டை போட்டுத் தொழப் போனேன். வாய்க்குத்தான் நோன்பு வைத்தேனே ஒழிய, பொய்க்கு வைக்கவில்லை. அந்தப் பெருநாள் அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதத்தையும் எழுதினேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் குழாய் வந்ததா குழாய் வந்ததா என்று கேட்டிருந்தாய், வியாகுலம்மாள் கேட்டு வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தேன்.

கேள்வி நின்றது, பதில் வந்தது. இந்த மாதம் முதல் வாரம் உன் கடிதம் வந்ததும் வழக்கம்போல் வியாகுலம்மாள், பிள்ளை என்ன எழுதிருக்கு, செத்த வாசிங்கண்ணே என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உனக்கு அம்மை வார்த்தபோது ஒன்பது நாள் பக்கத்திலேயே இருந்தவள், உன் கடிதம் என்றால் அவளுக்குப் பாதி சொந்தம். நீ என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஆரிபா பேரைச் சொல்லி ஒரு கை தண்ணீர் குடிக்க வேண்டும், வியாகுலத்தம்மா ஜெயித்துவிட்டார் என்று பினாங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்று. நான் அந்த இடம் வந்ததும் தாண்டி, சின்னவனுக்குப் பல் முளைத்த சேதிக்குப் போய்விட்டேன். உன் அம்மா கடிதத்தை முன்னமே வாசித்திருக்கிறாள். அடுப்பங்கரையிலிருந்தே, நடுவுல ஒரு பத்தியைக் காணோமே, முழுசா வாசிங்க என்றாள். அவளுக்கும் அதுவரை தெரியாது, நீ ஏன் அப்படி எழுதினாய் என்று அவளுக்கும் குழப்பம். வியாகுலம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். வாசித்து முடித்ததும் மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் விரலைக் காட்டுங்க என்றாள். காட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இம்புட்டுக் கோடுதானா, இதுக்கா நான் மாதா மொகத்தைப் பாக்காம கெடந்தேன் என்றாள். அப்புறம், எங்கிட்டச் சொன்னது பத்தாதுண்ணே, சந்துக்கு முன்னால சொல்லுங்க என்று எழுந்து போய்விட்டாள். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போவாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சந்து முனையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். ஒச்சம்மாள் கட்டுப்போட்ட கையை நீட்டி, ஏன் ராவுத்தரே, எங்க பெருவெரலு என்ன ஒங்க வீட்டு முத்திரைக் கட்டையா என்று கேட்டாள். பிறகு அவளே வியாகுலம்மாள் பக்கம் திரும்பி, அக்கா, ஒன்னையப் பேசிட்டேனே என்று அழுதாள். இருபது வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி மனு எழுதச் சொன்னார்கள், என்னையேதான். வேறு ஆள் இல்லாததால் இருக்கலாம். ஒவ்வொரு வரியையும் உரக்க வாசிக்கச் சொல்லி, சமூகம் வேண்டாம், கருணை கூர்ந்து வேண்டாம், எங்களுக்குத் தண்ணி வேணும்னு எழுதுங்க என்று வெட்டிவிட்டார்கள். பாதிப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டு நாள் வீடு வீடாக மைப்பெட்டியோடு நடந்தேன், உன் அம்மா முழங்கால் வலியோடு கூட வந்து பெண்களின் விரலைப் பிடித்து அழுத்தினாள். அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன். ஒச்சம்மாள் விரலில் பூ நார் அறுத்த பள்ளம் அப்படியே தாளில் விழுந்தது. வியாகுலம்மாள் விரலில் ரேகையே இல்லை ஆரிபா, தோல்ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி ஊறி வழுவழுவென்று தேய்ந்துபோயிருக்கிறது, தாளில் வெறும் கறைதான் வந்தது. மாசியிலும் அதே கறைதான் விழுந்திருக்கும், நான் கவனிக்கவே இல்லை.

நாற்பத்தொன்றும் முடிந்தது. கடைசியில் எழுதியவர் என்று போட்டு, நீ சின்ன வயதில் பார்த்துப் பார்த்து வரைவாயே, அந்த வால் நீட்டிய கையெழுத்தைப் போடப் பேனாவைத் திறந்தேன். வியாகுலம்மாள் தடுத்தாள். நீங்க கையெழுத்துப் போட வேணாம்ணே, கைநாட்டு வைங்க, அந்தத் தழும்பு இந்தத் தடவை ஒங்க பேருக்கு நேரா இருக்கட்டும் என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வைத்தேன். வியாழக்கிழமை ஆபீசில் குமாஸ்தா கண்ணாடியை ஒவ்வொரு ரேகை மேலும் ஓட்டிக்கொண்டே வந்தார். வியாகுலம்மாள் கறையில் நின்றார். தோல்ஷாப்பாம்மா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். என்னுடையதற்கு வந்ததும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்திப் பெற்றுக்கொண்டார்.

குழாய் வரும் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். வந்து, திறந்து, தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு எழுதுகிறேன். இன்று காலைப் பூசையில் வியாகுலம்மாள் நன்மை வாங்கினாள் என்று உன் அம்மா சொன்னாள். என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியாது, கேட்க எனக்கு வாய் வரவில்லை. பினாங்கில் நீ சொன்னவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிவிடு, அத்தாவைக் காப்பாற்றப் பார்க்காதே. அவளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு, என்னிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டாம், உன் அம்மா வாசிப்பாள் என்று உறைமேலேயே எழுது. சின்னவனை ஈரத்தலையோடு காற்றில் விளையாட விடாதே. பக்ரீத் அன்று எங்களை நினைத்துக்கொள். நீயும் உன் வீடும் பொய்யில்லாமல் வாழ அல்லாஹ் துணையிருக்க என் துஆ. தாளின் ஓரத்தில் மை பட்டிருக்கிறது, அழுக்கு என்று நினைக்காதே, உனக்குத் தெரிந்த தழும்புதான்.

இப்படிக்கு உன் அத்தா,
இது கிதர் முகம்மது இடது பெருவிரல் ரேகை. வைத்தது நானேதான்.