காருக்குப் போட்ட பத்தியம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புலவாயோவில் மழை வந்ததா? நான் சௌக்கியம்தான்.

பிரிட்டோரியாவில் வேலை முடிந்தாலும் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்யும் ரியானோடு சேர்ந்து ஒரு பழைய சின்னக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தேன். பின்சீட்டு, பக்கத்து சீட், கார்ப்பெட், ஹீட்டர் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தோம். கார் இளைத்தால்தான் பறக்கும். ஆனால் ஓட்டுகிறவனையும் சேர்த்து நிறுப்பார்கள். விதியில் உள்ள எடைக்குக் கீழே போகக் கூடாது. மார்ச்சில் என்னை உள்ளே உட்காரவைத்து நிறுத்தபோது எடை கச்சிதமாக இருந்தது.

சனிக்கிழமை நான்தான் முதலில் வந்தேன், அம்மா! ஆனால் தராசில் ஏற்றினால் மூன்று கிலோ குறைவு. பரிசு இல்லை என்றுவிட்டார்கள். எது கழன்று விழுந்தது என்று ரியான் காரைச் சுற்றிச் சுற்றித் தேடினான். எதுவும் விழவில்லை. கடைசியில் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "டேய் பெக்கி, காருக்குத்தானடா பத்தியம் போட்டோம்? உன்னை யாருடா இருக்கச் சொன்னது?"

பயப்படாதீர்கள், காய்ச்சல் எதுவும் இல்லை. ஒரே ஆளுக்குச் சமைக்கத்தான் சோம்பல்.

நம்மூர் மோப்பேன் மரத்துப் புழு வறுவலும் அரைத்த நிலக்கடலையும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். குறைந்த மூன்று கிலோவுக்குப் பக்கத்து சீட் இருந்த இடத்தில் இரும்புத் தகடு ஒன்றை முடுக்கிவிடலாம் என்று ரியான் இதோ ஸ்பேனரோடு நிற்கிறான். புலவாயோ பஸ் வரட்டும், அதுவரை பொறுடா என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
பெக்குமுசி